நிரல் வேறு, சூழல் வேறு



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் உருவத்தில் மிகச் சிறியது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி. உள்ளே பத்து இருபது வரிகள். நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய சாதாரண உரைக் கோப்பு. டாட் என்வ் என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கோப்புதான். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசலாமே என்று நிகழ்ச்சி அமைப்பாளர்கள் கேட்டார்கள். பேசலாம். ஆனால் செயற்கை நுண்ணறிவுச் சேவையை அழைக்கும் நிரலுக்கும் ஒரு ரகசியச் சாவி வேண்டும். அந்தச் சாவியை எங்கே வைக்கிறோம்? நிரல் அதை எப்படிப் படிக்கிறது? யார் கண்ணில் அது படுகிறது? இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரியாமல் எழுதும் எந்த நிரலும், எவ்வளவு அழகான நிரலாக இருந்தாலும், பிறருடைய தரவைத் தொடத் தகுதி பெறவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

உதாரணத்துக்கு, ஒரு புத்தகக் கடைக்கு நீங்கள் இணையதளம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பைத்தானில் எழுதுகிறீர்கள். முதலில் அது உங்கள் லேப்டாப்பில் ஓடுகிறது. டேட்டாபேஸும் அங்கேயே இருக்கிறது. பணம் வாங்கும் சேவைக்குச் சோதனைச் சாவி போதும்; உண்மையான பணம் ஒரு ரூபாய்கூட நகராது. பிழை வந்தால் விவரம் முழுவதும் திரையில் கொட்ட வேண்டும், அதற்காக டீபக் வசதியைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். பிறகு அதே நிரல் சோதனை சர்வருக்குப் போகிறது. அங்கே டேட்டாபேஸ் முகவரி வேறு. கடைசியில் வாடிக்கையாளர் வந்து புத்தகம் வாங்கும் சர்வருக்குப் போகிறது. அங்கே பாஸ்வேர்டு வேறு, பணச் சாவி வேறு, டீபக் கட்டாயம் மூடியிருக்க வேண்டும்.

இந்த மூன்று இடங்களுக்கும் போனபோது நிரலில் ஓர் எழுத்து மாறியதா? மாறவில்லை. மாறவும் கூடாது. சோதித்த நிரல்தான் வாடிக்கையாளரிடம் போக வேண்டும். அப்படியென்றால் மாறியது எது? சூழல் மாறியது. நிரல் வேறு, சூழல் வேறு. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று கேட்கலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை நிரலிலேயே ஒரு வரியாக எழுதினால் வேலை ஓடுகிறதே? ஓடுகிறது. இரண்டு மேற்கோள் குறிக்குள் பாஸ்வேர்டை எழுதி, என்டர் தட்டினால், இணைப்பு கிடைத்துவிடுகிறது. பாடப் புத்தகங்களில்கூட முதல் உதாரணம் அப்படித்தான் இருக்கிறது. பிறகு அந்தக் கோப்பை கிட் என்ற வரலாறு காக்கும் கருவியில் கமிட் செய்கிறோம், கிட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்துக்குப் புஷ் செய்கிறோம். அந்த நொடியிலிருந்து அந்த பாஸ்வேர்டு நம்முடையது மட்டும் அல்ல.

அதன் விளைவு எங்கே போய் நின்றது என்பதற்கு ஊபர் நிறுவனத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2014-ல் அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், அமேசான் மேகச் சேமிப்பகத்தைத் திறக்கும் சாவி அடங்கிய நிரலை கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்டுவிட்டார். அதைக் கண்டெடுத்தவர் உள்ளே நுழைந்தார். ஓட்டுநர்களின் பெயர்களும் உரிம எண்களும் வெளியே போயின. சரி, ஒரு முறை பட்டாயிற்று, திருந்தியிருப்பார்கள் என்று நினைக்கிறோம் அல்லவா? 2016-ல் மறுபடி அதே கதை. இந்த முறை நிரல் பொதுவெளியில் இல்லை. நிறுவனத்தின் தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்தில் இருந்தது. தனிப்பட்ட களஞ்சியம்தானே என்ற தைரியத்தில் சாவியை நிரலுக்குள்ளேயே விட்டு வைத்திருந்தார்கள். தாக்கியவர்கள் அந்தக் களஞ்சியத்துக்குள் நுழைந்தார்கள், சாவியைப் படித்தார்கள், சேமிப்பகத்தைத் திறந்தார்கள்.

உலகம் முழுவதும் 5 கோடியே 70 லட்சம் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்கள் போயின. அமெரிக்க ஓட்டுநர்கள் சுமார் 6 லட்சம் பேரின் உரிம எண்கள் போயின. நிறுவனம் தாக்கியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து, விஷயத்தை ஓராண்டு மறைத்து வைத்தது. 2017 நவம்பரில் வெளியே சொன்னது. 2018-ல் அமெரிக்க மாநிலங்களோடு ஏற்பட்ட உடன்பாட்டில் 14 கோடியே 80 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்த ஜோ சல்லிவன், நடந்ததை மறைத்ததற்காக 2022-ல் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார்.

நண்பர்களே, நான் பணக் கணக்குக்காக இதைச் சொல்லவில்லை. 6 லட்சம் ஓட்டுநர்கள்! வண்டி ஓட்டிப் பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு கிட் என்றால் என்ன என்று தெரியுமா? சூழல் மாறி என்றால் என்ன என்று தெரியுமா? தெரிய வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. தெரிந்திருக்க வேண்டியது நமக்கு.

டொயோட்டாவின் கதை இன்னும் அமைதியானது. எனக்கு அதுதான் அதிக வருத்தம் தருகிறது. டி-கனெக்ட் என்ற அவர்களுடைய வாகனச் சேவையின் மூல நிரலில் ஒரு பகுதி கிட்ஹப்பில் பொதுவெளியில் கிடந்தது. வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்த வெளி நிறுவனம் ஏற்றியது. அதற்குள் தரவு சர்வரின் சாவி இருந்தது. 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், யாரும் கவனிக்கவில்லை. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் வாடிக்கையாளர் எண்களும் அந்தச் சாவியின் எட்டும் தூரத்தில் இருந்தன. யாராவது எடுத்தார்களா என்பதை நிறுவனத்தால் உறுதியாக மறுக்க முடியவில்லை.

அப்படியானால் சாவியை எங்கே வைப்பது?

இதற்கு விடை புதிதல்ல. என் வயதை ஒட்டிய பலருக்கும் முந்தியது. 1979-ல் பெல் ஆய்வகத்திலிருந்து யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு வெளிவந்தது. அதில்தான் சூழல் மாறிகள் இன்றைய வடிவத்தைப் பெற்றன. ஏற்பாடு எளிமையானது. ஓடும் ஒவ்வொரு நிரலோடும் பெயரும் மதிப்புமாக ஒரு பட்டியல் கூடவே வரும். ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தொடங்கினால், அந்தப் பட்டியலின் நகல் புதிய நிரலுக்குப் போகும். வெளியூர் போகும் பிள்ளைக்கு அம்மா கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு மாதிரி. பிள்ளை வழியில் அதில் எதைச் சேர்த்தாலும், எதைக் கொட்டினாலும், வீட்டு அடுக்களையில் ஒன்றும் மாறாது. அதேபோல் மகவு நிரல் தன் பட்டியலை எப்படி மாற்றினாலும் தாய் நிரலின் பட்டியல் மாறாது. உங்கள் பைத்தான் நிரலுக்குள் ஒரு சூழல் மாறியை மாற்றிவிட்டு, நிரல் முடிந்தபின் டெர்மினலில் அதைத் தேடினால் ஏன் கிடைப்பதில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. காரணம் இதுதான்.

இந்தப் பழைய ஏற்பாட்டை இணையச் சேவைகளுக்கு ஒரு கொள்கையாக எடுத்துச் சொன்னவர் ஆடம் விக்கின்ஸ். ஹெரோகு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆயிரக்கணக்கான நிரல்கள் தங்கள் தளத்தில் ஓடுவதைப் பார்த்த அனுபவத்திலிருந்து, 2011-ல், பன்னிரண்டு கூறுகள் கொண்ட ஒரு வழிகாட்டியை எழுதினார். அதில் மூன்றாவது கூறு, அமைப்பு மதிப்புகளைச் சூழலில் வை என்பது. அதோடு ஒரு சோதனையும் வைத்தார். உங்கள் நிரல் முழுவதையும் இந்த நிமிடமே உலகம் பார்க்கத் திறந்துவிட்டால், ஒரு ரகசியமாவது வெளியே போகுமா? போகும் என்றால் உங்கள் பிரிப்பு சரியில்லை. போகாது என்றால் சரி.

எவ்வளவு நேர்மையான சோதனை! கமிட்டி வேண்டாம், ஆவணம் வேண்டாம். உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி போதும்.

ஆனால் நடைமுறையில் ஒரு தொல்லை. சர்வரில் சூழல் மாறிகளை ஒரு முறை அமைத்துவிட்டால் போதும். லேப்டாப்பில்? ஒவ்வொரு முறை டெர்மினலைத் திறக்கும்போதும் பதினைந்து மாறிகளைத் தட்டச்சு செய்ய முடியுமா? ஒரே லேப்டாப்பில் நான்கு வேலைகள் நடக்கும்போது ஒன்றின் டேட்டாபேஸ் முகவரி இன்னொன்றுக்குப் போய்விடாதா? இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் டாட் என்வ் கோப்பு வந்தது. 2012-ல் பிராண்டன் கீப்பர்ஸ் ரூபி மொழிக்கு அந்த லைப்ரரியை எழுதினார். நிரல் தொடங்கும்போது கோப்பைப் படித்து, அதிலுள்ள பெயர்களையும் மதிப்புகளையும் சூழல் மாறிகளாக ஏற்றிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. நோட், பிஎச்பி, பைத்தான், கோ என்று மற்றவர்களும் தங்களுக்கு எழுதிக்கொண்டார்கள். 2023-ல் நோட் 20.6 பதிப்பு, எந்த வெளி லைப்ரரியும் இல்லாமல் தானே இந்தக் கோப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டது.

ஆக, இந்தக் கோப்பு பிறந்தது எழுதுபவரின் லேப்டாப்பின் வசதிக்காக. இதை மனத்தில் வையுங்கள். இது ரகசியப் பெட்டகமாகப் பிறக்கவில்லை. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதிலிருந்துதான் தொடங்குகின்றன.

இப்போது பைத்தானுக்கு வருவோம். நம் புத்தகக் கடையின் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரு வரியில் டேட்டாபேஸ் முகவரி. ஒரு வரியில் பணச் சேவையின் சாவி. ஒரு வரியில் போர்ட் எண், 8000. ஒரு வரியில் டீபக், சமக்குறி, ஃபால்ஸ். பைத்தான்-டாட்என்வ் என்ற லைப்ரரியை நிறுவி, நிரலின் தொடக்கத்திலேயே லோட் டாட்என்வ் என்ற ஃபங்ஷனை அழைக்கிறீர்கள். அது கோப்பைத் தேடி, படித்து, ஓஎஸ் டாட் என்விரான் என்ற அகராதியில் மதிப்புகளை வைக்கிறது. அதற்குப் பிறகு நிரலின் எந்த மூலையிலிருந்தும் பெயரைச் சொல்லி மதிப்பை எடுக்கலாம்.

கவனியுங்கள், ஒரு நல்ல குணம் இதில் இருக்கிறது. சூழலில் ஏற்கெனவே அந்தப் பெயரில் மதிப்பு இருந்தால், கோப்பிலுள்ள மதிப்பு அதை மேலெழுதாது. வேண்டுமென்றே நீங்கள் ஓவர்ரைடு என்று சொன்னால்தான் மேலெழுதும். இது ஏன் முக்கியம்? உண்மையான சர்வரில் நிர்வாகி சரியான பாஸ்வேர்டைச் சூழலில் வைத்திருக்கிறார். உங்கள் லேப்டாப்பின் டாட் என்வ் கோப்பு தவறிப்போய் அங்கே வந்துவிட்டாலும், நிர்வாகி வைத்ததே வெல்லும். கோப்பு விட்டுக்கொடுக்கும், சூழல் நிற்கும். அவசரத்தில் ஓவர்ரைடைத் திறந்து வைப்பவர்கள் இந்தப் பாதுகாப்பைத் தாங்களே கழற்றி எறிகிறார்கள்.

அடுத்து, இன்று நீங்கள் வேறு எதை மறந்தாலும் மறக்கக் கூடாத ஒன்று. சூழலிலிருந்து வரும் எல்லா மதிப்பும் ஸ்ட்ரிங். எல்லாமே ஸ்ட்ரிங்! 8000 என்பது எண் அல்ல. எட்டு, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்ற நான்கு எழுத்துகள். ஃபால்ஸ் என்பது பொய் என்ற தர்க்க மதிப்பு அல்ல. ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துகள் கொண்ட ஒரு சொல். பைத்தானில் காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கையும் பூல் ஃபங்ஷனுக்குள் போட்டால் என்ன வரும்? ட்ரூ வரும். ஃபால்ஸ் என்று எழுதியிருந்தாலும் ட்ரூதான் வரும்!

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். புத்தகக் கடையின் சர்வரில் நிர்வாகி ஒழுங்காக டீபக்கை ஃபால்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறார். நிரல் எழுதியவர் அதை நேராக பூல் ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டார். நிரல் ஓடுகிறது, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. டீபக் திறந்தே கிடக்கிறது. ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதிய தளமாக இருந்தால், ஏதாவது ஒரு பக்கத்தில் பிழை வந்த நொடியில், எந்தக் கோப்பின் எந்த வரியில் நிரல் நின்றது, அந்த நேரத்தில் உள்ளே இருந்த மாறிகளின் மதிப்பு என்ன, தளத்தின் அமைப்புகள் என்ன என்று எல்லாம் வாடிக்கையாளரின் திரையில் விரிகிறது. பாஸ்வேர்டு போன்ற பெயருள்ள மதிப்புகளை ஜாங்கோ மறைத்துக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் தாக்க வருபவருக்கு மற்றவை போதாதா?

அதனால்தான் சொல்கிறேன், படித்தால் மட்டும் போதாது. படித்ததை மாற்ற வேண்டும், மாற்றியதைச் சரிபார்க்க வேண்டும். போர்ட் எண்ணை எண்ணாக மாற்றுங்கள். டீபக் மதிப்பைச் சிறிய எழுத்தாக்கி, ட்ரூ, ஒன்று, எஸ் என்று நீங்கள் ஏற்கும் சொற்களோடு ஒப்பிடுங்கள். அந்தப் பட்டியலிலும் இல்லை, மறுப்புப் பட்டியலிலும் இல்லை என்றால் நிரலை நிறுத்துங்கள். பைடான்டிக் செட்டிங்ஸ் என்ற லைப்ரரி இதையெல்லாம் செய்து தருகிறது. பெரிய நிரல்களுக்கு அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். சிறிய நிரலுக்குக் கையால் எழுதிய இருபது வரி போதும்.

நிரலை நிறுத்துங்கள் என்று சொன்னேன். அதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பைத்தானில் ஒரு சூழல் மாறியைக் கேட்க இரண்டு வழிகள் உண்டு. ஓஎஸ் டாட் என்விரானில் சதுர அடைப்புக்குள் பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்தப் பெயர் இல்லாதபோது கீ-எரர் என்று சத்தம் போட்டு நின்றுவிடும். கெட்என்வ் என்று கேட்டால் சத்தம் போடாது. நன் என்ற வெறுமையைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். இரண்டாவதாக ஒரு மாற்று மதிப்பும் கொடுக்கலாம். பலர் இந்த இரண்டாவது வழியை விரும்புகிறார்கள், நிரல் நிற்காமல் ஓடுகிறதே என்று.

எப்போது ஓடுகிறது? எதுவரை ஓடுகிறது? பணச் சேவையின் சாவி இல்லாமல் புத்தகக் கடையின் தளம் காலையில் எழுந்து நிற்கிறது. வாடிக்கையாளர் வருகிறார், புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கிறார், முகவரி கொடுக்கிறார், பணம் கட்டும் பொத்தானைத் தொடுகிறார். அங்கே விழுகிறது நிரல். தொடங்கும் முதல் நொடியில் நின்றிருந்தால் நிர்வாகி பார்த்திருப்பார், ஒரு வரியைச் சேர்த்திருப்பார், முடிந்திருக்கும். இப்போது வாடிக்கையாளர் பார்க்கிறார்.

இதைவிட மோசமானது, ரகசியத்துக்கு மாற்று மதிப்பு கொடுப்பது. சாவி கிடைக்காவிட்டால் இதை வைத்துக்கொள் என்று நிரலிலேயே ஒரு போலி ரகசியம் எழுதி வைக்கிறார்கள். சூழலில் பெயரை ஓர் எழுத்து தவறாக எழுதினால் போதும், உண்மையான சர்வர் அந்தப் போலி ரகசியத்தோடு ஓடத் தொடங்கிவிடும், யாருக்கும் தெரியாமல். போர்ட் எண்ணுக்கு மாற்று மதிப்பு கொடுங்கள், தவறில்லை. ரகசியத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லி நிரல் நிற்கட்டும்.

இன்னொன்று, சூழலைப் படிக்கும் இடம் ஒன்றாக இருக்கட்டும். செட்டிங்ஸ் என்று ஒரே ஒரு கோப்பு. அங்கே படியுங்கள், அங்கே மாற்றுங்கள், அங்கே சரிபாருங்கள். நிரலின் மற்ற பகுதிகள் அந்தக் கோப்பைக் கேட்டால் போதும். நாற்பது கோப்புகளில் நாற்பது கெட்என்வ் சிதறிக் கிடந்தால், இந்த நிரலுக்கு என்னென்ன வேண்டும் என்று எவராலும் சொல்ல முடியாது. எழுதியவராலும் சொல்ல முடியாது. அதேபோல் எல்லாவற்றையும் சூழலில் கொண்டுபோய்த் திணிக்கவும் வேண்டாம். ஒரு பக்கத்தில் எத்தனை புத்தகம் காட்டுவது என்பது மூன்று இடத்திலும் ஒன்றுதான் என்றால், அது நிரலிலேயே இருக்கட்டும். இடத்துக்கு இடம் மாறுவதும், ரகசியமும்தான் சூழலுக்கு உரியவை.

கோப்பின் எழுத்துமுறையிலும் சில கண்ணிகள் உண்டு. இந்தக் கோப்புக்கு எல்லோரும் ஏற்ற ஒரே இலக்கணம் கிடையாது. பாஸ்வேர்டின் நடுவே ஹாஷ் குறி வருகிறது, மேற்கோள் போடாமல் எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பைத்தான்-டாட்என்வ், ஹாஷுக்கு முன்னால் இடைவெளி இருந்தால்தான் அதற்குப் பிறகு வருவதைக் குறிப்புரை என்று கருதும். நோட்டுக்கான டாட்என்வ் லைப்ரரியோ, பதினைந்தாம் பதிப்பிலிருந்து, இடைவெளி இல்லாவிட்டாலும் ஹாஷிலிருந்து வெட்டிவிடும். ஒரே கோப்பு, ஒரே வரி; பைத்தான் சேவைக்கு முழு பாஸ்வேர்டு, பக்கத்திலிருக்கும் நோட் சேவைக்குப் பாதி பாஸ்வேர்டு! சரி, மேற்கோள் போட்டுவிடலாம் என்றால், நிரலைப் பொதிந்து ஓட்டும் டாக்கர் கருவியின் ரன் கட்டளைக்கு அதே கோப்பைக் கொடுக்கும்போது அது மேற்கோளையும் பாஸ்வேர்டின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். டாக்கர் கம்போஸ் அப்படிச் செய்யாது. விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸ் ஷெல்லில் நேராக ஏற்றினால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். இணைப்பு கிடைக்கவில்லை என்று இரவெல்லாம் நெட்வொர்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். ஆகவே, உங்கள் கோப்பை எது படிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். முடிந்தவரை ரகசியங்களை எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்டதாக, ஆனால் நீளமானதாக உருவாக்குங்கள். பாதித் தொல்லை தீரும்.

இனி, காவல். கோப்பு உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது. அது அங்கேயே இருக்க வேண்டும். கிட் இக்னோர் கோப்பில் டாட் என்வ் என்று ஒரு வரி எழுத வேண்டும். எப்போது? களஞ்சியத்தைத் தொடங்கிய முதல் கமிட்டிலேயே. ஏனென்றால், கிட் ஏற்கெனவே கண்காணிக்கும் கோப்பை இக்னோரில் பிறகு எழுதினாலும் அது தொடர்ந்து கண்காணிக்கும். ரகசியத்தோடு ஒரு முறை கமிட் செய்துவிட்டு, அடுத்த கமிட்டில் அழித்துவிட்டேனே என்கிறார்கள். அழிக்கவில்லை நண்பர்களே. கிட் என்பதே வரலாற்றைக் காப்பதற்கான கருவி. பழைய கமிட்டுக்குப் போனால் கோப்பு அப்படியே இருக்கும். களஞ்சியத்தை நகல் எடுத்தவர் எல்லோரிடமும் இருக்கும்.

அந்த நிலை வந்தால் என்ன செய்வது? வரலாற்றைத் திருத்துவது இரண்டாவது வேலை. முதல் வேலை சாவியை மாற்றுவது. பழைய சாவியைச் செல்லாததாக்கி, புதிய சாவி வாங்கி, பிறகு மற்றதைப் பார்க்க வேண்டும். பொதுவெளிக்கு வரும் சாவிகளைத் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தேடிக்கொண்டிருக்கின்றன. கிட்கார்டியன் நிறுவனம், 2023-ம் ஆண்டில் மட்டும் கிட்ஹப்பின் பொதுக் கமிட்டுகளில் 1 கோடியே 28 லட்சம் புதிய ரகசியங்களைக் கண்டறிந்ததாக அறிவித்தது. 2024-ல் கிட்ஹப் நிறுவனமே, பொதுக் களஞ்சியங்களுக்குப் புஷ் செய்யும்போது தெரிந்த வகைச் சாவிகள் இருந்தால் தடுத்து நிறுத்தும் வசதியை எல்லோருக்கும் இயல்பாகத் திறந்துவைத்தது. நல்ல காரியம். ஆனால் அந்தத் தடுப்புக்கு அடையாளம் தெரியாத பாஸ்வேர்டுகள் எத்தனையோ இருக்கின்றன. அதை நம்பி நம் கவனத்தைத் தளர்த்த முடியாது.

கிட்டில் இல்லை, சரி. ரகசியம் வெளியேற கிட் மட்டும்தான் வாசலா? அதே 2024 ஆகஸ்ட்டில் பாலோ ஆல்டோ நிறுவனத்தின் யூனிட் 42 ஆய்வுப் பிரிவு ஒரு மிரட்டல் கும்பலைப் பற்றி எழுதியது. அந்தக் கும்பல் எந்தப் புதிய ஓட்டையையும் கண்டுபிடிக்கவில்லை. இணையதள முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு டாட் என்வ் என்று கேட்டது, அவ்வளவுதான். 1,10,000 இணையப் பெயர்களைக் குறிவைத்தார்கள். சிக்கிய கோப்புகளிலிருந்து 90,000-க்கும் மேற்பட்ட மாறிகளைத் திரட்டினார்கள். அவற்றில் 7,000 மேகச் சேவைகளோடு தொடர்புடையவை. சர்வர் பொதுமக்களுக்குக் காட்டும் ஃபோல்டருக்குள்ளேயே கோப்பைப் போட்டு வைத்திருந்தவர்கள்தான் சிக்கினார்கள். உங்கள் தளத்தின் முகவரிக்குப் பின்னால் இன்றே அதைத் தட்டிப் பாருங்கள். கோப்பு இல்லை என்று பதில் வந்தால் நிம்மதி.

வேறு வாசல்களும் உண்டு. டாக்கர் படிமம் உருவாக்கும்போது ஃபோல்டரில் உள்ளதையெல்லாம் நகலெடு என்று ஒரு வரி எழுதுகிறோம். டாட் என்வும் அதோடு உள்ளே போய்விடும். டாக்கர் இக்னோரில் அதன் பெயர் இருக்கிறதா? ரியாக்ட், வீட் போன்றவற்றில் உலாவிக்கென்று முன்னொட்டு வைத்த மாறிகள், பில்ட் செய்யும்போது ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே பதிந்து, தளத்துக்கு வரும் ஒவ்வொருவரின் கைக்கும் போய்ச் சேரும். டாட் என்வில் எழுதிவிட்டோமே, பாதுகாப்புத்தானே என்று அங்கே பணச் சேவையின் ரகசியச் சாவியை வைப்பவர்கள் இருக்கிறார்கள். உலாவிக்குப் போகும் எதுவும் ரகசியம் அல்ல.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். புதிதாக ஒருவர் குழுவில் சேருகிறார். டாட் என்வ் கோப்பு எங்கே என்று கேட்கிறார். யாராவது ஒருவர் உடனே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். அந்தக் குழுவில் வேலையை விட்டுப் போனவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். தொலைபேசியின் தானியங்கிச் சேமிப்பில் கோப்பு ஏறிவிடுகிறது. இதற்கு மாற்று என்ன? டாட் என்வ் டாட் எக்ஸாம்பிள் என்று ஒரு மாதிரிக் கோப்பு. அதில் எல்லாப் பெயர்களும் இருக்கும், ரகசிய மதிப்புகள் இருக்காது. ஒவ்வொரு பெயருக்கும் மேலே, இது எதற்கு, யாரிடம் கேட்டுப் பெறுவது என்று ஒரு வரிக் குறிப்பு. அதைத் தயங்காமல் கிட்டில் கமிட் செய்யுங்கள். புதிதாக வருபவர் அதை நகலெடுத்து, லேப்டாப்புக்கான சோதனைச் சாவிகளை நிரப்பிக்கொள்ளட்டும். உண்மையான சர்வரின் பாஸ்வேர்டு ஒரு லேப்டாப்பில்கூட இருக்கத் தேவையில்லை. எந்தக் குழுவின் நிரலைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் தேடுவது இந்த மாதிரிக் கோப்பைத்தான். அது ஒழுங்காக இருந்தால் மற்றதும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும்.

உண்மையான சர்வருக்கு என்ன வழி? நிறுவனம் வளர வளர, டாட் என்வ் போதாது. சூழல் மாறிகளுக்கே ஓர் எல்லை உண்டு. மகவு நிரல்களுக்கெல்லாம் நகல் போகும் என்றேன் அல்லவா? நீங்கள் அழைக்கும் ஒவ்வொரு துணைக் கருவிக்கும் உங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் சேர்ந்து போகிறது. பிழைப் பதிவு எழுதும் கருவி சில நேரம் சூழல் முழுவதையும் பதிவில் கொட்டிவிடுகிறது. அதனால் ஹாஷிகார்ப் வால்ட், அமேசான் சீக்ரெட்ஸ் மேனேஜர் போன்ற சேவைகளில் ரகசியத்தை வைத்து, யார் எப்போது படித்தார் என்ற பதிவோடு எடுப்பதுதான் முறை. சிறிய நிறுவனத்துக்கு அது பெரிய செலவு என்றால், குறைந்தபட்சம் கோப்பின் உரிமையை 600 என்று அமைத்து, நிரல் ஓடும் பயனரைத் தவிர மற்ற சாதாரணப் பயனர்கள் படிக்க முடியாமல் செய்யுங்கள். மேலே சொன்னபடி செட்டிங்ஸ் என்று ஒரே இடத்தில் படித்திருந்தால், நாளை சேவைக்கு மாறும்போது அந்த ஒரு கோப்பை மாற்றினால் போதும்.

இந்தக் காவலைச் சட்டமும் கேட்கிறது. 2023-ல் நம் இந்திய நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத் தொகை விதிக்க அது இடம் தருகிறது. சட்டத்துக்கு அஞ்சிச் செய்தாலும் சரி. ஆனால் உங்கள் நிரலில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிவு செய்த ஒரு பெண்ணை, ஓர் ஓட்டுநரை, ஒரு கடைக்காரரை நினைத்துச் செய்தால் இன்னும் நன்றாகச் செய்வீர்கள்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று விடுதிக்குப் போனதும் உங்கள் களஞ்சியங்களைத் திறங்கள். கிட் லாக் கட்டளையை எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து, டாட் என்வ் என்ற பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். ஒரு கமிட்டாவது திரையில் வந்தால், நாளைக்கு என்று தள்ளாதீர்கள், கோப்பை அழித்துவிட்டுச் சமாதானம் அடையாதீர்கள். முதலில் அந்தச் சாவியை மாற்றுங்கள். பிறகு தூங்கப் போங்கள்.